வாவியும் கண்டலும் ஒரே கார்ட்டில்

2006 நவம்பர் 8ஆம் திகதி என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்ட்டை 599 டொலர் விலையில் வெளியிட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவை அன்றே கண்ட தீர்க்கதரிசனம் என்று அதைப் புகழ்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அந்தத் தலைமுறைக் கார்ட் தீர்க்க வந்தது வெறும் வேலைப்பங்கீட்டுச் சிக்கலை. விளையாட்டில் தெரியும் காட்சி முழுவதும் முக்கோணங்கள். அவற்றின் மூலைகள் திரையில் எங்கே விழும் என்று கணக்கிடுவது ஒரு வேலை. உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கொடுப்பது மற்றது. முந்தைய 7900 ஜிடிஎக்ஸில் முதல் வேலைக்கு 8 அலகுகள், மற்றதற்கு 24. எங்கள் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடி வாவியை அதில் வரைவதென்று வையுங்கள். நீர்ப்பரப்புக்குச் சில முக்கோணங்களே போதும். ஆனால் வெயிலில் மினுங்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக்கணக்கு. 24 அலகுகளும் மூச்சுவிட நேரமின்றி உழைக்க, 8 அலகுகள் சும்மா நிற்கும். கரையோரக் கண்டல் பக்கம் திரும்பினால் வேரும் இலையுமாக மூலைகள் பெருகி, நெருக்கடி இடம் மாறும். வரம்பு கட்ட வந்தவன் களை பிடுங்கக் கூடாது என்று எந்த வயற்காரப் போடியாவது சொல்வாரா? 8800இல் 128 அலகுகள். எதுவும் எந்த வேலையையும் செய்யும்.

இந்த யோசனையும் என்விடியாவுக்கே உரியதல்ல. 2005 நவம்பரில் வந்த எக்ஸ்பொக்ஸ் 360க்கு ஏடிஐ செய்த சில்லில் இத்தகைய பொது அலகுகள் இருந்தன. படம் வரையும் கார்ட்டில் வேறு கணக்கும் போடலாம் என்பதை ஸ்டான்போர்டில் இயன் பக் குழுவினர் 2004இலேயே புரூக் மொழியால் காட்டிவிட்டார்கள். அப்படியானால் என்விடியாவுக்குப் பெருமையே இல்லையா? உண்டு. அத்தகைய கணக்குகளுக்கான குடா (CUDA) என்ற வசதியை ஆய்வுகூடங்களுக்கு விற்கும் கார்ட்டுகளோடு நிறுத்தாமல், விளையாட்டுக்காரர் வாங்கும் கார்ட்டுகளிலும் வைத்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதைத் தொட்டும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் 2012இல் ரொறன்ரோ பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, படங்களை அடையாளங்காணும் வலையமைப்பைப் பயிற்றியது கடைச்சரக்கான இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்ட்டுகளில். ஐந்தாறு நாளில் வேலை முடிந்தது. யார் வருவார்கள் என்று தெரியாமலே கதவைத் திறந்து வைத்தார்கள் என்பதுதான் என் கணிப்பு.

மட்டக்களப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கார்ட் வெளியான அதே வாரத்தில், இம்மாவட்டக் கதிரவெளியில் போரால் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியீட்டுத் திகதியை வைத்துத் தலைமுறை எண்ணும் வழக்கம் அப்படிப்பட்ட ஊருக்குப் பொருந்தாது. பிந்தி வருபவருக்கும் கைக்கெட்டும் விலையில் அந்த வசதி கிடைத்ததா என்பதே இங்கிருந்து பார்க்கையில் அந்தத் தலைமுறைக்கான அளவுகோல். கதவு மறுபடி சாத்தப்படுகிறது, பெரிய மொழி மாதிரிகள் தரவு மையங்களுக்கென்றே செய்த விலையுயர்ந்த கார்ட்டுகளில்தான் பயிற்றப்படுகின்றன என்பார்கள். மெய்தான், அவை வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் கைக்காசுக்கு எட்டாதவை. சிறிய மாதிரி ஒன்றைப் பயிற்றிப் பார்க்க அவருக்கு விளையாட்டுக் கார்ட் போதும். 2006இல் அறிவித்த குடா அதிலும் ஓடுகிறது.