ஜோவுக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், என் பொண்ணு ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனும் கையுமா யார்கிட்டயோ சண்டை போடுறா. என்னன்னு பார்த்தா, இன்டர்நெட்ல தொடரா வர்ற ஏதோ படக்கதையாம். அதுல ரெண்டு பேர் ஒண்ணு சேருவாங்களா மாட்டாங்களான்னு தகராறு. இல்லாத மனுஷங்களுக்குக் கல்யாணம் பேசவா நான் இவளைப் படிக்க வைக்கிறேன்? நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

நான் வரலாறு நடத்தியவள். எதைக் கேட்டாலும் 'இது எப்போது ஆரம்பித்தது?' என்றுதான் என் புத்தி போகும். இல்லாத மனிதர்களுக்குக் கல்யாணம் பேசுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. குறைந்தது 270 வருஷமாக நடக்கிறது, அதற்குக் கடித ஆதாரமே இருக்கிறது.

லண்டனில் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்று ஒருவர் இருந்தார். அச்சகம் வைத்திருந்தவர். கடிதங்களாலேயே ஆன 'கிளாரிசா' என்ற நாவலை எழுதி, ஏழு பாகமாக, ஒரு வருஷ இடைவெளியில் வெளியிட்டார். முதல் இரண்டு பாகம் 1747 டிசம்பரில் வந்தது. அடுத்த இரண்டு 1748 ஏப்ரலில். மிச்ச மூன்றுக்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். கதை என்னவென்றால், கிளாரிசா என்ற பெண்ணைப் பிடிக்காத பணக்காரனுக்குக் கட்டிக்கொடுக்க வீடு நெருக்குகிறது. உதவுகிறேன் என்று வரும் லவ்லேஸ் அவளை வீட்டை விட்டுக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். ஆள் அழகன், பேச்சுக்காரன், பெண்கள் விஷயத்தில் மகா அயோக்கியன்.

ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவில் வாசகர்கள் சும்மா இருப்பார்களா? லங்காஷயரில் பிராட்ஷே சீமாட்டி என்ற அம்மாள், பெல்ஃபர் என்று ஒரு பொய்ப் பெயர் வைத்துக்கொண்டு, அந்த அக்டோபரில் ரிச்சர்ட்சனுக்குக் கடிதம் எழுதினார். முடிவு சோகமாக இருக்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன், கூடவே கூடாது, லவ்லேஸைத் திருத்திக் கிளாரிசாவுக்கே கட்டி வைத்துவிடுங்கள் என்று மன்றாடல். பொய்ப் பெயரில் இப்படி எழுதுவது இன்றைய பிள்ளைகளின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க!

ரிச்சர்ட்சன் மசியவில்லை. கெட்டவன் திருந்தினால் அவனைவிட நல்ல புருஷன் கிடையாது என்ற எண்ணம் ஆபத்தானது, அதை உடைக்கத்தான் இந்தக் கதையையே எழுதுகிறேன் என்பது அவர் கட்சி. 'ஒரு கால்கட்டைப் போட்டால் பையன் திருந்திவிடுவான்' என்று நம் குடும்பங்களில் எத்தனை பெண்களின் தலையில் கல்லைப் போட்டிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தறுதலையை மனைவியால் திருத்த முடியுமா? பிராட்ஷே சீமாட்டியும் ரிச்சர்ட்சனும் பேசியது இதைத்தான். கிளாரிசா என்று பெயர் வைத்துக்கொண்டதால், முன்பின் பார்த்திராத இரண்டு பேர் அதைக் கூச்சமில்லாமல் பேச முடிந்தது. கடைசியில் கிளாரிசா செத்துத்தான் போனாள். ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை, பல வருஷம் ஓடியது. இருவரும் நேரில் சந்தித்தது 1750-இல். அதிலும் ஒரு வேடிக்கை: பூங்காவில் நடக்கும்போது உங்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று கேட்டு, அவரிடமே தன் தோற்றத்தை வர்ணித்து எழுத வைத்து, முதலில் தான் மட்டும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டார் அந்த அம்மாள்.

டிக்கன்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாரத் தொடராக வந்தது. பிப்பும் எஸ்டெல்லாவும் கடைசியில் பிரிந்துவிடுவதாகத்தான் அவர் எழுதி வைத்திருந்தார். அச்சுக்குப் போகுமுன் படித்த நண்பர் புல்வர் லிட்டன் ஆட்சேபிக்க, சேருவதற்கு இடமிருக்கிற மாதிரி முடிவை மாற்றினார். ஒரே ஒரு வாசகரின் சிபாரிசு! இன்றுவரை அதில் எது சரியான முடிவு என்று பேராசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அவர்களை யாரும் 'போனைக் கீழே வை' என்று சொல்வதில்லை.

நான் சொல்ல வந்தது லூயிசா மே ஆல்காட் பற்றி. அமெரிக்காவில் கான்கார்டைச் சேர்ந்தவர். அப்பா பெரிய தத்துவவாதி, சம்பாத்தியம் பூஜ்யம். உள்நாட்டுப் போரில் செவிலியாகப் போய், டைபாய்டில் விழுந்து, கொடுத்த பாதரச மருந்தால் உடம்பு கெட்டுத் திரும்பியவர். எழுதித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ், பெண் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் கேட்டார். ஆல்காட்டுக்கு அதில் இஷ்டமே இல்லை. என் சகோதரிகளைத் தவிர எனக்கு எந்தப் பெண் பிள்ளையைத் தெரியும் என்று டைரியில் அலுத்துக்கொண்டார். ஆனாலும் 1868 மே மாதம் ஆரம்பித்து, ஜூலை நடுவிலேயே 402 பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டார். அதுதான் 'லிட்டில் விமன்'. மெக், ஜோ, பெத், ஏமி என்று நான்கு சகோதரிகள். இரண்டாமவள் ஜோ ஏறக்குறைய ஆல்காட்டேதான். எழுதுகிறவள், கோபக்காரி, பிறந்தது ஆணாக இல்லையே என்று புலம்புகிறவள். பக்கத்து வீட்டுப் பையன் லாரி அவளுக்கு உற்ற தோழன்.

அந்தப் பாகம் மெக்கின் நிச்சயதார்த்தத்தோடு நின்றுவிட்டது. திரை மறுபடி தூக்கப்படுமா என்பது உங்கள் வரவேற்பைப் பொறுத்தது என்று ஆசிரியரே கடைசியில் எழுதி வைத்திருந்தார். 1868 இலையுதிர் காலத்தில் புத்தகம் கடைக்கு வந்தது. முதலில் அச்சிட்ட 2,000 பிரதிகள் மளமளவென்று தீர்ந்தன. பிறகு வந்தது கடித வெள்ளம். எழுதியவர்களில் பெரும்பாலும் சின்னப் பெண்கள். யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்? ஜோ லாரியைத்தானே கட்டிக்கொள்வாள்?

நவம்பர் 1-ஆம் தேதி இரண்டாம் பாகத்தை எழுத உட்கார்ந்தவர், டைரியில் எரிந்து விழுந்திருக்கிறார். பெண்ணாகப் பிறந்தவளுக்குக் கல்யாணம் ஒன்றுதான் லட்சியம் என்பதுபோல இந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள், யாரைத் திருப்திப்படுத்தவும் ஜோவை லாரிக்குக் கட்டிக்கொடுக்க மாட்டேன் என்று. ஜோவைக் கல்யாணமே ஆகாத எழுத்தாளராக விடத்தான் அவருக்கு ஆசை. ஆல்காட்டும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஆனால் விடமுடியவில்லை. லாரி இல்லையென்றால் வேறு யாராவது, யாரையாவது கட்டி வையுங்கள் என்று அத்தனை பேர் கூச்சல் போட்டதில், மறுக்கத் துணிச்சல் வரவில்லை, வீம்புக்கு ஒரு கோமாளி ஜோடியைச் சேர்த்துவிட்டேன் என்று 1869 மார்ச்சில் ஒரு தோழிக்கு எழுதுகிறார். அந்தக் கோமாளி மாப்பிள்ளைதான் பேராசிரியர் பேயர். ஏழை ஜெர்மன்காரர், தாடி, ஜோவைவிட வயதில் மிக மூத்தவர். கொட்டும் மழையில், சேற்றில், ஒரே குடைக்கடியில் கல்யாணப் பேச்சு. லாரிக்கு? தங்கை ஏமி! இரண்டாம் பாகம் 1869 ஏப்ரல் 14-இல் வந்தது. எத்தனை வீட்டில் புத்தகம் பறந்து சுவரில் மோதியதோ.

இங்கே உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் கடைசி பெஞ்சில் எனக்கு எத்தனை தடவை கல்யாணம் நடந்தது என்று எனக்குத் தெரியாது என்றா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? டிரில் மாஸ்டருடன் ஒரு முறை, அவர் மாற்றலாகிப் போனதும் புதிதாக வந்த கணக்கு சாருடன் ஒரு முறை. நோட்டுத் திருத்தும்போது அட்டையின் உள்பக்கத்தில் எல்லாம் பார்த்திருக்கிறேன். நான் கோபப்பட்டதில்லை. ஏன் தெரியுமா? கல்யாணம் இல்லாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாக ஒருத்தி இருக்கலாமா என்பது உங்களில் பல பெண்களுக்குப் பெரிய கேள்வி. வீட்டில் கேட்க முடியாது. என்னை வைத்துக் கேட்டுப் பார்த்தீர்கள். (உறவுகள் என்னிடம் நேராகவே நாற்பது வருஷம் கேட்டார்கள். இதைப் படிக்கிற அத்தைகள், சித்திகள் தப்பாக நினைக்க வேண்டாம்.) ஆல்காட்டுக்குக் கடிதம் போட்ட பிள்ளைகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ஆல்காட் அவர்களைக் கொஞ்சம் கடுமையாகவே தீர்ப்பிட்டுவிட்டார். கல்யாணத்தைத் தவிர வேறு கதவு திறந்திருப்பதாக யாரும் அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. அதனால்தான் அன்று மாணவியிடம், "அவளைக் கண்டிக்காதே. எந்த ஜோடி, ஏன் அந்த ஜோடின்னு கேளு" என்று மட்டும் சொன்னேன்.

அச்சு படக்கதைகளிலும் இதே கதைதான். 'லில் ஆப்னர்' என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் தினமும் வந்த தொடரில், டெய்சி மே என்ற பெண் கதாநாயகனைத் துரத்தியே பதினேழு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1952 மார்ச்சில் கல்யாணம் நடந்தபோது 'லைஃப்' பத்திரிகை அதை அட்டையிலேயே போட்டது. ஏன் கட்டி வைத்தேன் என்று படைப்பாளி ஆல் கேப் அதில் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. ஃபேண்டம் - ராணி காமிக்ஸ் படித்தவர்களுக்கு மாயாவி - டயானாவைச் சந்தித்தது 1936-இல், தாலி கட்டியது, அதாவது மோதிரம் மாற்றியது, 1977-இல். 41 வருஷம்! (பொன்னியின் செல்வனை விட்டுவிட்டீர்களே என்று சண்டைக்கு வராதீர்கள். நந்தினி யார் மகள் என்று நம் வீட்டுத் திண்ணைகளில் நடந்த வழக்குக்குத் தனிப் பதிவே போடவேண்டும்.)

இனி அந்தப் பெண் படிக்கிற வகைக்கு வருவோம். இணையப் படக்கதைகளில் பேர்போனது ஆண்ட்ரூ ஹஸ்ஸி உருவாக்கிய 'ஹோம்ஸ்டக்'. என் தங்கையின் பேத்திதான் மூன்று நாள் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். 2009 ஏப்ரல் 13-இல் ஆரம்பித்து 2016 ஏப்ரல் 13-இல் முடிந்தது. 8,000 பக்கத்துக்கு மேல். நான்கு பிள்ளைகள் ஒரு கணினி விளையாட்டை விளையாடப்போய் உலகமே அழிகிறது. ஆரம்பத்தில் அடுத்து என்ன நடக்கவேண்டும் என்று வாசகர்களே எழுதி அனுப்பலாம். கூட்டம் பெருகியதும் அதை நிறுத்தவேண்டியதாயிற்று. 2012-இல் இந்தக் கதையை வைத்து ஒரு விளையாட்டு உருவாக்க வாசகர்கள் கொடுத்த பணம் 24 லட்சம் டாலருக்கு மேல். 2013 அக்டோபரில் ஒரு வருஷம் கதையே வரவில்லை. ரிச்சர்ட்சனின் எட்டு மாதத்தைப் போல அந்த ஒரு வருஷமும் ஊகத்திலேயே போனது.

என்னைக் கவர்ந்தது அதில் வரும் கொம்பு முளைத்த வேற்றுலகவாசிகள். அவர்களுக்கு உறவு நான்கு வகை, சீட்டுக்கட்டுப்படி. ஆட்டின் என்றால் காதல். டைமன் என்றால், ஒருவர் தறிகெட்டுப் போகாமல் இன்னொருவர் பிடித்து நிறுத்துவது. இஸ்பேட் பகை, அதுவும் ஓர் உறவுதான். கிளாவர் என்றால் சண்டை போடும் இருவருக்கு நடுவில் நின்று விலக்கிவிடுகிறவர். ஓரகத்திக்கும் சகலைக்கும் சம்பந்திக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிற மொழி நம்முடையது. குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு சித்தி நடுவில் நின்று எல்லாச் சண்டையையும் தீர்க்கிறாள், அவள் பார்க்கிற அந்த வேலைக்கு நாம் பெயர் வைக்கவில்லையே என்று தோன்றியது. அந்த உலகத்திலேயே நெபேட்டா என்று ஒரு பெண், யாருக்கு யார் பொருத்தம் என்று தன் குகைச் சுவர் முழுக்கப் படம் போட்டு வைத்திருக்கிறாள். வாசகர்களையே பாத்திரமாக்கிவிட்டார் ஹஸ்ஸி.

கதையில் ரோஸ், கனாயா என்ற இரண்டு பெண்கள் காதலர்கள். வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாத பிள்ளைகள், அவர்கள் பெயரைச் சொல்லி விடிய விடியப் பேசியிருக்கிறார்கள். கால்கட்டு விவகாரத்தைக் கிளாரிசாவின் பெயரில் பேசினார்களே, அந்த மாதிரிதான்.

கதையின் கடைசிப் பகுதி வசனமே இல்லாத ஓர் அசைபடம். யார் யாருடன் என்பதற்குப் பல இடங்களில் நேர்ப் பதில் கிடையாது. ஏழு வருஷம் காத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். மூன்று வருஷம் கழித்து, 2019 ஏப்ரலில், பின்கதை ஒன்று வந்தது. ஆல்காட்டின் இரண்டாம் பாகம் வந்து சரியாக 150 வருஷம், மாதம்கூட அதேதான். தற்செயல்தான், ஆனாலும் வரலாற்று டீச்சருக்கு இப்படி ஒன்று கிடைத்தால் சும்மா விடமுடியுமா? இந்தப் பின்கதையில் இரண்டு வழிகள். ஒன்றுக்கு 'இறைச்சி' என்று பெயர், இன்னொன்றுக்கு 'மிட்டாய்'. எதைப் படிப்பது என்று வாசகர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மிட்டாயில் கேட்டதெல்லாம் கிடைக்கிறது: கல்யாணம், குழந்தை, குடித்தனம். ஜானும் ராக்ஸியும் கல்யாணம் செய்துகொண்டு ஒரு பிள்ளையும் பெறுகிறார்கள். பிறகு கசந்து பிரிகிறார்கள். ஜோவின் தலையில் பேயரைக் கட்டிய அதே வீம்பு!

பேத்தியும் அவளுடைய கோயம்புத்தூர் சினேகிதியும் இந்த ஜான்-ராக்ஸி விஷயத்தில் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "அவளுக்கு மெசேஜ் போட்டு நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்களேன் பெரிய பாட்டி. நீங்கதான் எங்களுக்குக் கிளாவர்" என்கிறாள். நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். அதற்குமுன் மிட்டாய் வழியில் எனக்கு இன்னும் பாதி பாக்கி இருக்கிறது.