ஸ்கீன்ஸ், பால்

பால் ஸ்கீன்ஸ் (பி. மே 29, 2002): அமெரிக்க பேஸ்பால் பந்தெறிவாளர், வலக்கையர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் பிறந்தார். விமானப்படை அகாடமியில் பந்தெறிவதோடு கேட்சராகவும் மட்டையாளராகவும் ஆடினார். பின்னர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2023இல் 209 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்து, கல்லூரி உலகத் தொடரை வெல்லத் துணைநின்றார். அதே ஆண்டு வீரர் தேர்வில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்த ஊக்கத்தொகை 92 லட்சம் டாலர். மைனர் லீக்கில் சிறிது காலமே ஆடியபின், 2024 மே 11 அன்று மேஜர் லீக்கில் அறிமுகமானார்.

மணிக்கு 100 மைலை எட்டும் வேகப்பந்தும், மட்டையாளரை நெருங்குகையில் சட்டெனத் தாழும் ‘ஸ்ப்ளிங்கர்’ பந்தும் இவரது ஆயுதங்கள். 2024இல் தேசிய லீக்கின் சிறந்த புதுமுகமானார். 2025இல் அதே லீக்கின் சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருதைப் பெற்றார்.