கஞ்சமலை இரும்பும் அளவை நூலும்

பொருளை ஆராயப் புகுவோன் அப்பொருளை அளக்குங் கருவியை முன்னர் ஆராய்தல் வேண்டும் என்பது நம் நாட்டுத் தத்துவ நூலார் அனைவர்க்கும் ஒப்ப முடிந்த கொள்கையாம். நிறைகோல் கோடியிருப்பின் பொன்னின் நிறை பிழைபடும். அளவை பிழைபடின் அதனால் அறியப்படும் பொருளும் பிழைபடும். இதுபற்றியே அருணந்தி சிவாசாரியார் தாம் அருளிய சிவஞான சித்தியாரில் அளவை இலக்கணத்தை வகுத்தோதினார். பிறர் கூறும் அளவைகள் பலவாயினும், அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் துணிபு.

இவ்வளவைப் பகுதி வாதம் புரிவார்க்கே பயன்படும் என்றும், பௌதிக விஞ்ஞானத்திற்கும் கைத்தொழிற்கும் அதனோடு தொடர்பில்லை என்றும் கருதுவார் உளர். விஞ்ஞானங் கண்ட யாவும் ஆகமங்களில் முன்னரே உள என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் பொருந்தா. சித்தியாரில் இரும்பு உருக்கும் முறை கூறப்பட்டிலது. கூறுதல் அந்நூலின் நோக்கமுமன்று. ஆயினும், அறிவு எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு பிழைக்கின்றது, எவ்வாறு ஒருவரினின்று மற்றொருவர்க்குச் செல்கின்றது என்று அது காட்டும் நெறி தொழிலறிவிற்கும் ஒக்கும். சேலம், நாமக்கல் நாட்டில் வாழ்ந்து மறைந்த இரும்புத் தொழிலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சேலம் நகர்க்குத் தென்மேற்கே நிற்பது கஞ்சமலை. அதன் அடிவாரத்துச் சித்தர்கோயில் இரசவாதங் கைவந்த சித்தர் மரபோடு இயைத்துப் போற்றப்படுவது. அம்மலையிற் படிந்துள்ளது காந்தத்தால் இழுக்கப்படும் இரும்புக்கல். வெண்கற்பொருளாகிய படிகமும் இரும்பும் அடுக்கடுக்காய் விரவிக் கிடப்பது. 1997-ஆம் ஆண்டிற் சேலத்தினின்று பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைப் பக்கத்திலும் இவ்வகைக் கல் உண்டு. மேற்கே நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் நிகழ்ந்த அகழ்வாராய்ச்சி, கொங்குநாட்டில் இரும்புத் தொழில் சங்க காலத்திலேயே செழித்திருந்தமையைப் புலப்படுத்தியது.

சேலத்து உருக்குத் தொழிலை விளங்க எழுதி வைத்தவருள் ஒருவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அலுவலில் இருந்து பின் அதனை விட்டு இரும்புத் தொழிலிற் புகுந்தவர் அவர். 1839-ல் இலண்டன் ஆசியக் கழக வெளியீட்டில் வந்த அவர் கட்டுரையால் அறியப்படுவன இவை: கல்லை இடித்துப் புடைத்தோ நீரில் அரித்தோ படிகத்தைப் போக்குவர். மூன்று முதல் ஐந்து அடி உயரமுள்ள மண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தி இரண்டினால் மாறிமாறி ஊதி, கரியோடு கல்லைச் சிறிது சிறிதாய் இடுவர். மூன்று நான்கு மணி நேரத்தில் இரும்புத் திரள் கிடைக்கும். அதனை அடித்துத் துண்டாக்கி, உமிக்கரி கலந்த களிமண் மூசையில் ஆவிரை விறகின் உலர்ந்த துண்டுகளோடு இட்டு, எருக்கு முதலியவற்றின் பச்சிலையால் மூடி, வாயை மண்ணால் இறுக அடைப்பர். மண் உலர்ந்தபின் இருபது அல்லது இருபத்துநான்கு மூசைகளை ஒரு சிற்றுலையில் வளைவாக அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறியபின் மூசையை உடைப்பின் உருக்குக் கட்டி வெளிப்படும்.

இத்தொழிலில் மூவகை அளவையும் தொழிற்படுதல் காண்க. கல்லின் நிறையும் நிறமும் கண்டு நல்லதனைத் தெரிந்தெடுத்தல் வாயிற்காட்சி. ஐயமுந் திரிபும் நீங்கியதே காட்சி எனச் சித்தியார் கூறும்; கருங்கல் அனைத்தும் இரும்புக்கல் ஆகாமையின், பழகாத கண் ஈண்டு ஐயுறும், திரிந்துங் காணும். பழகிய கண்ணுக்கே குற்றமற்ற காட்சி வாய்க்கும்.

அடைத்த மூசையினுள் நிகழ்வதோ கண்ணுக்குப் புலனாகாது. அங்கே காட்சி நின்றுவிடக் கருதல் தொடங்குகின்றது. 1800–1801-ல் மைசூர் நாட்டு உலைகளைப் பார்வையிட்ட பிரான்சிஸ் புக்கானன், முற்ற உருகிய கட்டியின் மேற்பரப்பில் நடுவினின்று விரியும் வரிகள் தோன்றும் எனக் குறித்தார். புகை கண்டு தீயை உணர்தல் போல, அவ்வரி கண்டு அகத்தே நிகழ்ந்த உருகலை உணர்தல் காரிய ஏதுவாற் பிறந்த அனுமானம். வரியின்மையால் முழுவுருகல் இன்மையை உணர்தல் அனுபலத்தி ஏதுவாற் பிறந்தது. இயல்பு, காரியம், அனுபலத்தி எனச் சித்தியார் கூறும் மூவகை ஏதுக்களுள் பின்னைய இரண்டும் கொல்லனது கையிற் கிடந்த ஒரு கட்டியிலேயே விளங்குகின்றன.

இனி, எண்ணிறந்த மரங்களுள் ஆவிரையையும், எண்ணிறந்த இலைகளுள் எருக்கினையும், பொழுதுள் இரண்டரை மணியினையும் ஒருவன் தன் வாழ்நாளிலேயே சோதித்து அறிதல் கூடுமோ? கூடாது. அது தந்தை மகனுக்கும் மூத்தோன் இளையோனுக்கும் சொல்லிய உரை. சித்தாந்தத்தில் உரை என்பது தலைமையாக ஆப்தனாகிய இறைவன் வாக்காகிய ஆகமமே. எனினும் உலகியலில் பொய்யாமொழியாளன் ஒருவன் சொல்லைக் கேட்டு உணர்தலும் அவ்வளவையின் சாயலே. பல தலைமுறையின் காட்சியும் கருதலும் திரண்டு ஒரு சொல்லாய் வந்தமையின், அவ்வுரையை நம்பினோன் இடர்ப்பட்டிலன்.

மேலைநாட்டார் இவ்வுருக்கை அறிந்த வரலாறு வேறு. அவர்க்கு உரை கிடைத்திலது. கட்டி மாத்திரமே கிடைத்தது. பம்பாயிலிருந்து சென்ற கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795-ல் இலண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் எழுதினார். அவர்கள் இதனை 'ஊட்ஸ்' என வழங்கினர். அச்சொல் கன்னடத்து உக்கு, தமிழ் உருக்கு என்பவற்றோடு இயைபுடையது என்பர். கொல்லன் ஒருவரின் மகனாகிய மைக்கேல் பாரடே 1819-ல் இதனைப் பகுத்து ஆராய்ந்து, அலுமினியக் கூற்றின் சிறு கலப்பே இதன் சிறப்பிற்குக் காரணம் எனக் கருதினார். பாரிஸ் நாணயச்சாலையைச் சார்ந்த பிரெஅன் 1820-களில் செய்த சோதனைகளோ, மிகுதியான கரிக்கூறும் அது உறையும் விதமுமே காரணம் எனக் காட்டின. பாரடே போன்ற பேரறிஞரும் உடன் காணப்பட்டதனைக் காரணமெனக் கொண்டமை ஏதுப்போலியாம். ஆயினும் அப்பிழையே அவரைப் பல உலோகங்களை உருக்கோடு கலந்து பார்க்கத் தூண்டிற்று; ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு கூடி 1820, 1822-ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிகள் கலப்புருக்கு ஆராய்ச்சிக்கு முன்னோடியாயின. போலியைப் போலியென்று காட்டி விலக்குங் கருவி கையில் உள்ளவரை பிழையும் அறிவிற்குப் படியாகும். விஞ்ஞானத்தின் பெருமை இதுவே. அளவை நூலார் போலிகளை விரித்தோதியதன் பயனும் இதுவே.

இரும்பிற்கும் உருக்கிற்கும் வேற்றுமை கரிக்கூற்றால் என்பது பிரான்சில் 1786 அளவில் தெளியப்பட்டது. அடைத்த மூசையில் இரும்பைக் கரிப்பொருளோடு உருக்கும் முறைக்கு இங்கிலாந்தில் டேவிட் முஷெட் உரிமைப் பத்திரம் பெற்றது 1800-ல். கரியுள்ள வாயுவால் இரும்பை உருக்காக்கும் முறைக்கு மாக்கின்டாஷ் பெற்றது 1825-ல். ஆவிரை விறகு முன்னதன் பயனையும், பச்சிலை பின்னதன் பயனையும் ஒருங்கே தருதலை ஹீத் எடுத்துக்காட்டினார். இத்துணை ஆழ்ந்த முறை தற்செயலாய்க் கைவந்திருக்க இடம் அரிது என்பது அவர் கருத்து. சேலத்துக் கொல்லர் தம் அறிவைப் பிறர்பொருட்டு அனுமானமாகச் சொற்களில் அமைத்து வைத்திலர். தன்பொருட்டு அனுமானமாகவே அது அவர்பால் இருந்தது. ஏடேறாமையின் அதனை அறிவன்று எனத் தள்ளுதல் நீதியாகாது.

இத்தகைய அறிவு ஏன் அழிந்தது? ஹீத் 1830-ல் பரங்கிப்பேட்டையிற் பேருலை நிறுவினார். சேலத்துக் கல் பரிசல்களிற் காவிரி, கொள்ளிட வழியே அங்குச் சென்றது. அங்கு விளைந்த இரும்பு இங்கிலாந்திலும் புகழ் பெற்றது. 1853-ல் எழுந்த கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி சேலம் ஜில்லாவில் காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலை அமைத்தது. ஆயினும் கரிக்கு வேண்டிய காடு அருகிற்று. இங்கிலாந்திலிருந்து கல்லெரிகரியால் உருக்கிய மலிந்த இரும்பு வந்து குவிந்தது. பேருலைகள் அணைந்தன, 1870-களிற் கம்பெனியும் முடிவெய்தியது. ஹீத் தாமும், மாங்கனீசுக் கலப்பால் உருக்கைத் திருத்தும் முறைக்கு 1839-ல் இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் பெற்றிருந்தும், பிறர் அம்முறையைச் சிறிது மாற்றிக் கையாள, நெடுநாள் வழக்காடிப் பயன் பெறாது மறைந்தார்.

சிற்றுலைகள் இன்னுஞ் சில காலம் எரிந்தன. 1882-ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் கரி எரிப்பதனைக் கட்டுப்படுத்தியது. இறக்குமதி இரும்பு ஊர்ச்சந்தை வரை வந்தது. உலை அவிந்ததும், தந்தை சொல்ல வேண்டியதும் மகன் கேட்க வேண்டியதும் இல்லையாயின. நூல் அழியினும் மற்றொரு படி எங்கேனும் கிடைக்கும். உபதேசமாய் மாத்திரம் நின்ற அறிவு கேட்போன் இல்லாத அன்றே முடிந்துவிடும். காட்சியும் கருதலும் ஒவ்வொரு பிறவியிலும் புதிதாய்த் தொடங்குவன. உரை ஒன்றே தலைமுறைகளைக் கோத்து நிற்பது. அது அறின் பன்னூறாண்டின் உழைப்பு ஒரு தலைமுறையில் வீணாகும்.

பின்னர் நிகழ்ந்தது இதனை வலியுறுத்தும். அமெரிக்க நாட்டு அறிஞர் வெர்ஹோவன், பெண்ட்ரே என்னும் கொல்லரோடு கூடிப் பழைய உருக்கின் அலைவரியை மீண்டும் உண்டாக்கப் பன்முறை முயன்று, இரும்பிற் கலந்த வனேடியம் முதலியவற்றின் அணுவளவான கலப்பே அவ்வரிக்குக் காரணம் என 1998-ல் வெளியிட்டார். 2006-ல் ஜெர்மன் நாட்டார் சிலர் பழைய வாளொன்றில் மிக நுண்ணிய கரிக்குழல்களைக் கண்டதாக எழுதினர். முன்னொரு காலத்துச் சிற்றூர் உலையில் நாடோறும் நிகழ்ந்ததனை மீட்டறிய நுண்கருவிகளும் நெடுங்கால ஆராய்ச்சியும் வேண்டியிருந்தன. கஞ்சமலையின் அருகே 1970-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை துருவேறா உருக்கினைச் செய்து புகழ் பெற்றது. எனினும் அது கஞ்சமலைக் கல்லை உருக்கும் ஆலையன்று. கல் மலையிலேயே கிடக்கின்றது.

சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரம் ஈண்டு நினைக்கத்தக்கது. ஐம்பொறிகள் உயிரின் துணையால் அறிந்தும் தம்மையும் உயிரையும் அறியமாட்டா. அவ்வாறே உயிர்கள் இறைவன் அருளால் அறிகின்றன என்று கூறும் மெய்கண்டார், காந்தத்தின் முன்னர் நின்ற இரும்பினை உவமை காட்டினார். காந்தம் தான் விகாரமுறாது இரும்பினை இயக்கும். கண் தானாக அறியாதது போலவே உலையும் துருத்தியும் மூசையும் நுண்ணோக்கிக் கண்ணாடியும் தாமாக அறிவன அல்ல. அறிவது உயிர், அறிவிப்பது அருள். அளவைகளை வகுத்த ஆசிரியர், ஐயந்திரிபற்ற ஆன்ம சிற்சத்தியே உண்மையில் அளவை என முடித்ததன் கருத்தும் இதுவே. கருவியைப் பெருக்கியதனால் அறிவு பெருகியது எனக் கொள்ளுங் காலம், அறிவோனை மறந்த காலமாகும்.

இக்காலத்தும் இந்நாட்டில் ஏடேறாத தொழிலறிவு உண்டு. சேலத்திற் கொலுசு செய்வார் வெள்ளியின் பதத்தை அறிவர். நாமக்கல்லில் லாரிக்கூடு கட்டுவார் பாரமும் பாதையும் நோக்கி மரத்தையும் இரும்பையும் அளவிடுவர். விஞ்ஞானங் கற்ற இளைஞர் அவர்பாற் சென்று, மாணாக்கன் ஆசிரியனைக் கேட்கும் முறையிற் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எழுதியதனைக் காட்சியாற் சோதித்து, கருதலாற் காரணங் கண்டு, மீண்டும் அவர்க்கே உரைத்தல் வேண்டும். அங்ஙனம் மூன்றளவையும் ஒன்றையொன்று தாங்கி நிற்பின், கஞ்சமலைக் கொல்லர்க்கு நேர்ந்தது பிறர்க்கு நேராது.