மணிமேகலை என்னும் பெயர்

தோட்டக் கிராணியாகிய எம்மிடம் தொழிலாளத் தோழர் ஒருவர், தம் பெண்மகவுக்கு நல்லதொரு பெயர் சொல்லுமாறு கேட்டார். 'மணிமேகலை' என்றோம். பொருள் வினவினார். 'மணிகள் பதித்த இடையணி' என்றோம். "பொட்டுப் பொன்னுக்கும் வழியில்லாத வீட்டிலே நகைப்பெயர் எதற்குங்க, ஐயா?" என்றார். அவர் வினா நேரியது. எம் விடையே குறையுடையது.

எங்ஙனம் எனின், மேகலை என்பது பெண்டிர் அணி மட்டுமன்று. வடமொழியில் பிரமசாரி அரையிற் கட்டும் புற்கயிறும் மேகலையே. நிலமகளுக்குக் கடலே மேகலை என்பதும் அம்மொழிப் புலவர் வழக்கு. இனி, சிலப்பதிகாரத்துக் கோவலன் தன் மகளுக்கு அணியை எண்ணி இப்பெயர் இட்டானல்லன். கலமுடைந்து நடுக்கடலில் நீந்திய தன் முன்னோனைக் காத்த குலதெய்வத்தை நினைந்தே இட்டான் என்று அடைக்கலக் காதை கூறும்.

அத்தெய்வம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பாலி மொழி மகாசனக சாதகத்தில், சுவர்ணபூமி நோக்கிச் சென்று, கலமிழந்து, ஏழு நாள் நீந்திய அரசிளங்குமரனை எடுத்துக் காத்தவளும் அவளே. சுவர்ணபூமி என்பது நாம் வாழும் இத்தென்கிழக்காசியப் பகுதியே என்பர் அறிஞர் பலர். தாய்லாந்தினரும் கம்போடியரும் அவளை மேகலா என்பர். அவள் கைம்மணியின் ஒளியே மின்னல், அவளைத் துரத்தும் அசுரன் எறியும் கோடரியின் ஒலியே இடி என்பது அவர்தம் கதை.

கிரேக்கக் கவி ஓமரின் காப்பியத்திலும், கடலிடைத் தத்தளித்த ஒடிசியசுக்குத் தன் முக்காட்டை ஈந்து காத்தாள் லியூக்கோதியா. 'வெண்ணிறத் தெய்வம்' என்பது அப்பெயர்ப் பொருள். முன்னர் அவள் ஈனோ என்னும் மானிட மங்கை. ஆங்கு மங்கை தெய்வமாயினாள். ஈண்டோ தெய்வத்தின் பெயர் மங்கைக்கு வந்தது.

அப்பெயர் பூண்ட மங்கை செய்தது யாது? அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு அரசனிடம் வரம் வேண்டிப் பெற்றாள். சாத்தனார் இயற்றிய அக்காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். ஆயினும், பிரிக்பீல்ட்சில் 1894இல் சிங்களவர் நிறுவிய பௌத்த விகாரையைக் கடந்து செல்லும் நம்மவருள், பௌத்தப் பெருங்காப்பியம் ஒன்று நம் தமிழிலும் உண்டு, அதன் தலைமை ஒரு பெண்ணுக்கே உரியது என எண்ணிப் பார்ப்போர் எத்துணைபேர்?

நம் முன்னோர் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கினர். 1972 முதல் கிள்ளான் துறைமுகம் என வழங்குவது அதுவே. அவர்கள் கடந்ததும் மணிமேகலா தெய்வம் காத்ததாகக் கூறப்படும் அக்கடலே. ஆதலின், தோழரே, இது நகைப்பெயரன்று. உம் மகளுக்கு இதனையே இடுக. பொருள் கேட்போர்க்கு, 'பசி தீர்த்தவள், சிறையை அறச்சாலையாக்கியவள்' என்று தலைநிமிர்ந்து விடை கூறுக.