காரணி காட்டாத நிறுவல்: 2⁶⁷ − 1 என்னும் எண்ணை முன்வைத்து

147573952589676412927 என்னும் இருபத்தோர் இலக்க எண், அதாவது 2⁶⁷ − 1, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண் என்று பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் 1644 இல் வெளியிட்ட பட்டியல் கூறியது. 1876 இல் எதுவார் லூக்கா அதைப் பகு எண் என நிறுவியபோதும் அதன் காரணி எதையும் காட்டவில்லை. 193707721 × 761838257287 என்னும் பெருக்கத்தை ஃபிராங்க் நெல்சன் கோல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் முன்வைத்தது 1903 இல்தான். இதனால் லூக்காவின் முடிவைப் பாதி விடையாகவும் கோலின் முடிவை அதன் நிறைவாகவும் கருதும் வழக்கம் உண்டு. அக்கருத்து பொருந்தாது, இருவரும் விடை கண்டவை வெவ்வேறு வினாக்கள்.

லூக்காவின் முறையைப் பின்னாளில் டி. எச். லேமர் செம்மையாக்கிய வடிவில் நோக்கினால் இது தெளிவாகும். 4 இல் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பையும் வர்க்கமாக்கி அதிலிருந்து 2 ஐக் கழித்தால் 4, 14, 194 எனத் தொடர் வளரும். p ஒற்றைப் பகா எண்ணாயின், இத்தொடரின் (p − 1) ஆம் உறுப்பு 2ᵖ − 1 ஆல் மீதியின்றி வகுபடுவதும் 2ᵖ − 1 பகா எண்ணாக இருப்பதும் ஒன்றே. p = 11 எனக் கொண்டால், பத்தாம் உறுப்பை 2047 ஆல் வகுக்க 1736 மீதியாகிறது; ஆகவே 2047 பகு எண் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1736 க்கும் 2047 க்கும் 1 அன்றி வேறு பொதுக்காரணி இல்லாமையால், 2047 = 23 × 89 என்பதற்கான தடயம் எதுவும் அம்மீதியில் கிடைப்பதில்லை. காரணி தெரியாமை இங்கே நிறுவலின் குறையன்று, அதன் இயல்பு.

காரணியைத் தேடுவோர்க்கு வேறொரு துணை வேண்டும். 2⁶⁷ − 1 இன் பகாக் காரணி எதுவாயினும், ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின்படி அது 134k + 1 என்னும் வடிவில் அமையும். 2 அக்காரணிக்கு இருபடி எச்சமாவதால், அதாவது ஏதோ ஒரு வர்க்கத்தை அக்காரணியால் வகுக்கும்போது 2 மீதியாவதால், k ஐ 4 ஆல் வகுக்க 0 அல்லது 1 மட்டுமே மீதியாகும். சிறிய காரணிக்கு k = 1445580, பெரியதற்கு k = 5685360129; இரண்டும் இவ்விதிக்கு இணங்குகின்றன. இச்சல்லடையில் சலித்த பின்னரும் சிறிய காரணியை எட்டுவதற்குள் 722790 எண்கள் எஞ்சுகின்றன என்பதே, மேலும் பல இருபடி எச்சங்களைக் கொண்டு தேடலைக் குறுக்கிய கோலின் உழைப்பை மதிப்பிட உரிய அளவுகோல்.

இவ்விரு வினாக்களுக்கும் இடையிலான தொலைவு குறையவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002 இல் தந்த முறை, எந்த எண்ணும் பகா எண்ணா என்பதை இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்த ஒரு பல்லுறுப்புக்கோவை அளவிலான படிகளுக்குள் ஐயமறத் தீர்மானிக்கும். அதுவும் காரணியைத் தருவதில்லை. ஆர்.எஸ்.ஏ. மறையாக்கம் நிற்பதும் இவ்விடைவெளியில்தான்: இரு பெரும் பகா எண்களைத் தேர்ந்து, அவற்றின் பெருக்கற்பலன் வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது, அது பகு எண் என்பதை எவரும் அறிவர், காரணிகளை உரியவர் மட்டுமே அறிவார்.