ஒரே குடி, இரு பெயர்கள்

கோவைக்கு மேற்கே பூலுவப்பட்டியிலும், ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர், அரச்சலூர் ஆகிய ஊர்களிலும் ஈழத் தமிழர் முகாம்கள் உள்ளன. வால்பாறையிலும் நீலகிரியிலும் 'தாயகம் திரும்பியோர்' தேயிலைத் தோட்டங்களில் வாழ்கின்றனர். இரு சாராரும் கடல் கடந்து வந்தோரே. எனினும் ஒரு சாரார் இந்நாட்டுக் குடிமக்கள். மறு சாரார் அகதிகள். இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்த தமிழக மாவட்டங்களிலிருந்து கூலிகளாகச் சென்றோர் இலங்கை மலைகளில் காப்பியும் தேயிலையும் வளர்த்தனர். விடுதலை பெற்ற இலங்கை, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தனர்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களை எவரும் கலந்து கேட்டாரில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி வந்தோர்க்கு வேலை தரும் பொருட்டு, 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. தாம் கண்டிராத மண்ணைத் தாயகம் என ஏற்று வந்தவர்களை இவ்வூரார் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர். ஆயினும் குடியுரிமை அவர்கள் கையில் இருந்தது.

இலங்கையிலேயே தங்கியோரின் நிலை வேறு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் மலையகத்தார் பலர் வவுனியா முதலிய வட பகுதிகளுக்குச் சென்று குடியேறினர். 1983இல் மூண்ட போர் அங்கும் அவர்களைத் துரத்தியது. ஈழத்து உடன்பிறப்புகளோடு படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கியபோது அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'அகதி'. ஒரே பாட்டனின் பேரர்களுள் கப்பலில் வந்தவர் குடிமகன். படகில் வந்தவர் அயலான்! இத்தகையோர் தொடுத்த வழக்கில், அவர்தம் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2019 ஜூனில் நடுவண் அரசைப் பணித்தது.

1983 முதல் வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பலர் நாடு திரும்பினர். வேறு நாடுகளுக்குச் சென்றோரும் உண்டு. 2021ஆம் ஆண்டு அரசுக் கணக்கின்படி முகாம்களில் எஞ்சியோர் 58,822 பேர். அவ்வாண்டே முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றப்பட்டது. 7,469 புதிய வீடுகளும் அறிவிக்கப்பட்டன. நன்றியோடு நினைக்கத்தக்க செயல்கள் இவை. ஆனால் வீடு வேறு, உரிமை வேறு. நம் சட்டப்படி, 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இம்மண்ணில் பிறந்த குழந்தை குடியுரிமை பெற, பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராயிருத்தல் வேண்டும். எனவே, கொங்குத் தமிழ் பேசி இங்கேயே பள்ளிப்படிப்பை முடித்த பிள்ளைகளும் அயலாராகவே நிற்கின்றனர்.

எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை அகதிக் குடும்பங்கள் அனைத்திற்கும் முன்மாதிரியாக 1952இல் காட்டினார் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். ஏரோது இறந்தபின் சூசையப்பருக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாசரேத்து இருந்தது. முகாமில் பிறந்த பிள்ளைக்கு அத்தகைய ஊர் எது? இதுவன்றோ அவனது ஊர்!

நம் ஆலயத் திருமுழுக்குப் பதிவேட்டில் குழந்தையின் பெயர் இடம்பெறும். எந்நாட்டவர் என்பது அதற்குத் தடையில்லை. அப்பதிவேடு ஏற்றுக்கொண்ட பெயரை நாட்டின் பதிவேடும் ஏற்கும் நாளுக்காகக் குரல் கொடுப்பது நம் கடமை. அதுவரை, பக்கத்து முகாமில் வாழ்வோரை விருந்தினர் என்று கருதாமல், நம் பங்கு மக்கள் என்றே அழைப்போமாக.