ஜெனரேட்டர் ஓடுது... கரன்ட் வரலையா? மூடியைக் கழட்டும் முன் இதைப் பாருங்க!

சிவகாசி பிரஸ்கள்ல கரன்ட் போனா கைகொடுக்கிறது ஜெனரேட்டர்தான். கேரவன்ல ஊர் சுத்துறவங்களுக்கும் அதே கதை. சில நேரம் இன்ஜின் ஜம்முனு ஓடும். ஃபேன் மட்டும் சுத்தாது.

டீசலைச் சந்தேகப்படாதீங்க. முதல்ல எல்லா லோடையும் ஆஃப் பண்ணிட்டு பிரேக்கரைப் பாருங்க. ட்ரிப் ஆகியிருந்தா, முழுசா ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுங்க. கேரவனுக்குள்ள தனி பிரேக்கர், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருந்தா அதையும் பாருங்க.

அப்பவும் வரலையா? போன தீபாவளிக்கு அப்புறம் இப்பத்தான் ஸ்டார்ட் பண்றீங்களா? பல ஆல்டர்னேட்டர்கள்ல கரன்ட் உருவாக, உள்ளே இருக்கிற இரும்புல கொஞ்சம் காந்தத்தன்மை மிச்சம் இருக்கணும். மாசக்கணக்கா சும்மா கிடந்தா அது போயிடலாம். பேட்டரி கொடுத்து அதைத் திரும்ப ஏத்த மெக்கானிக்குக்குத் தெரியும். கார்பன் பிரஷ், கப்பாசிட்டர், ஏ.வி.ஆர் எல்லாம் அவரே பார்ப்பார்.

வீடியோ பார்த்து நீங்களே இறங்கிடாதீங்க ப்ரோ. இன்ஜினை நிறுத்தின பிறகும் கப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

ட்ரையல் பார்க்கிற இடமும் முக்கியம். பட்டாசு ஸ்டாக் பக்கம் வேண்டவே வேண்டாம். சைலன்சர் சூடும் ஒரு பொறியும் போதும். மூடின ரூமும் கூடாது. புகையில வர்ற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

இன்னொண்ணு. சரியாயிடுச்சான்னு பார்க்க, ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக் பாயின்ட்ல சொருகாதீங்க. அந்தக் கரன்ட் ரிவர்ஸ்ல ஈ.பி லைனுக்கு ஏறும். லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பி லைன்மேன் கம்பத்துல நிப்பார்.